கன்டெய்னரின் அடிப்பக்கத்துக்கு யார் பெயின்ட் அடிப்பது?

போன இதழில், வகுப்பறைக் குழப்பம் எதுவானாலும் எழுதுங்கள் என்று ஒரு வரி போட்டிருந்தேன். பாதிக்கு மேல் ராயபுரத்துக்கு வடக்கே இருந்து வந்த கடிதங்கள். என் பழைய பிள்ளைகள் சொல்லிவிட்டிருப்பார்கள் போல. அதில் விண்வெளியும் புறப்பரப்பும் கலந்த கேள்விகளை மட்டும் இந்தத் தடவை எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: ஐயா, நடுநிலைப் பள்ளி ஒன்றில் கணக்கு, அறிவியல் இரண்டும் நானே எடுக்கிறேன். எட்டாம் வகுப்பில் 44 பிள்ளைகள். சந்திரயான் என்றால் பெல் அடித்தாலும் எழுந்திருக்க மாட்டார்கள். அடுத்த பீரியடில் போர்டில் புறப்பரப்பு என்று எழுதியதும் பாதிப் பேருக்குத் தண்ணீர் தாகம் எடுத்துவிடுகிறது. இரண்டையும் சேர்த்து நடத்த வழி உண்டா? லேப் கிடையாது. கைக்காசு இருநூறு ரூபாய் வரை போடுவேன்.
— ஓர் ஆசிரியை, வியாசர்பாடி

பதில்: உண்டு டீச்சர். இருநூறுகூட ஆகாது. அதற்கு முன்னால் நான் செய்த தப்பு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூறுகளில் தண்டையார்பேட்டைப் பக்கம் வேலை பார்த்தேன். கனச்செவ்வகத்தின் மொத்தப் புறப்பரப்பு: நீளம், அகலம், உயரம் மூன்றையும் இரண்டிரண்டாகப் பெருக்கு, கூட்டு, வந்ததை இரண்டால் பெருக்கு என்று சொல்லிக்கொண்டே எழுதிப்போட்டேன். பின் பெஞ்சில் ஒருவன் எழுந்தான். அவன் அப்பாவுக்கு கன்டெய்னர் யார்டில் பெயின்ட் வேலை. "சார், கன்டெய்னருக்கு அடியில பெயின்ட் அடிக்க மாட்டாங்க சார், தார் மாதிரி ஒண்ணு பூசுவாங்க. அதையும் ஏன் சார் கூட்டறீங்க?" என்றான். "அதிகப்பிரசங்கி, சொன்னதை எழுது" என்று உட்காரவைத்துவிட்டேன். வகுப்பே சிரித்தது. அதற்கப்புறம் அந்த வருஷம் முழுக்க அவன் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

விண்கலம் கட்டுகிறவர்கள் முதலில் கேட்பதும் இதைத்தான் என்று எனக்கு ரொம்பத் தாமதமாகத்தான் புரிந்தது. இந்தப் பக்கத்துக்கு எதிரே என்ன இருக்கிறது? வெயிலா, இருட்டா, தரையா? புறப்பரப்பு என்பது ஒரு பொருள் வெளியுலகத்தைத் தொடுகிற இடம். ஒளி உள்ளே வருவதும் சூடு வெளியே போவதும் அதன் வழியாகத்தான். சூத்திரத்தை அலமாரியில் வைத்துவிட்டு இதிலிருந்து ஆரம்பியுங்கள்.

முதல் நாள் ஒரு சாக்பீஸ் போதும். 2023 ஆகஸ்ட் 23 அன்று நிலாவில் இறங்கிய சந்திரயான்-3இன் விக்ரம் லேண்டர் 2 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 1.166 மீட்டர் உயரம். வராண்டாவில் இரண்டு மீட்டர் சதுரம் போட்டு எத்தனை பேர் உள்ளே நிற்க முடிகிறது என்று பாருங்கள், தள்ளுமுள்ளு நடக்கும், நடக்கட்டும். உயரம் அவர்களுடைய மார்பு வரைக்கும்தான் வரும், சின்னப் பையன்களுக்குக் கழுத்து வரை. இதைப் பார்த்ததும் "இவ்ளோதானா சார்?" என்று கண்டிப்பாகக் கேட்பார்கள். எடையையும் சொல்லுங்கள்: கிளம்பும்போது எரிபொருள், உள்ளே உட்கார்ந்திருந்த 26 கிலோ பிரக்யான் ரோவர் எல்லாம் சேர்த்து 1,752 கிலோ. உங்கள் பிள்ளைகளுக்குச் சராசரி 40 கிலோ என்றால் 44 பேரும் சேர்ந்து 1,760 கிலோ. வகுப்பையே அள்ளி நிலாவுக்கு அனுப்பிய மாதிரி. திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள், அந்த ஒரு வரிக்குக் கடைசி பெஞ்சும் நிமிரும்.

அப்புறம் கணக்கு. விக்ரமை ஒரு பெட்டி என்றே வைத்துக்கொள்ளலாம் (அசலில் மூலைகள் கொஞ்சம் வெட்டுப்பட்ட மாதிரி இருக்கும், பரவாயில்லை). மேல்பக்கம் 4 சதுர மீட்டர், அடிப்பக்கம் 4. பக்கவாட்டில் நான்கும் சேர்ந்து 9.328. மொத்தம் 17.328. இங்கே நிறுத்திவிட்டுக் கேளுங்கள்: சோலார் பேனலை எங்கே வைப்பீர்கள்? நம் ஊரில் மொட்டை மாடியில் மேலே பார்த்தபடி வைத்திருப்பதைப் பார்த்த பிள்ளைகள் ஒரே குரலில் மேல்பக்கம் என்பார்கள். ஆனால் விக்ரமுக்குப் பேனல் பக்கவாட்டில்தான் இருந்தது. பிரக்யானின் பேனலும் செங்குத்தாக எழுந்து நிற்கும்.

காரணம், இறங்கிய இடம் நிலாவின் தென்துருவத்துப் பக்கம், சுமார் 69 டிகிரி. அங்கே சூரியன் உச்சிக்கு வரவே வராது, சாயங்கால வெயில் மாதிரி தாழ்வாகவே சுற்றிப் போகும். சன்னல் வெயிலில் ஒரு நோட்டை நேராகப் பிடித்துக்காட்டி, பிறகு மெல்லச் சாய்க்கச் சொல்லுங்கள். நோட்டு அதே நோட்டுதான், ஆனால் விழுகிற நிழல் சுருங்கிக்கொண்டே போகும். எவ்வளவு பரப்பு இருக்கிறது என்பது ஒரு கேள்வி, அதில் எவ்வளவு சூரியனைப் பார்க்கிறது என்பது இன்னொரு கேள்வி. பக்கப்பரப்பு, மொத்தப் புறப்பரப்பு என்று எதற்கு இரண்டு பெயர் என்று இத்தனை வருஷம் நாம் வாயால் விளக்கிக்கொண்டிருந்தோமே, அதை இந்த நோட்டு ஒரு நிமிஷத்தில் காட்டிவிடும்.

இவ்வளவும் செய்து விக்ரமுக்குக் கிடைத்தது 738 வாட். பழைய சீலிங் ஃபேன் 75 வாட் என்றால் பத்து ஃபேன்கூட முழுசாக ஓடாது. பிரக்யானுக்கு 50 வாட், ஒரு ஃபேனுக்கே பத்தாது! அதை வைத்துக்கொண்டு ஒரு நிலாப் பகல், அதாவது நம் கணக்கில் ஏறக்குறைய 14 நாள், வேலை பார்த்தார்கள். பொழுது சாயப்போகிற நேரத்தில் தூங்கவைத்தார்கள், திரும்ப எழவில்லை. இதைக் கேட்டு ஒரு பெண் அழுததாக ஒரு டீச்சர் எனக்குச் சொன்னார். அழட்டும், அந்தக் கணக்கு அவளுக்கு மறக்காது.

இரண்டாம் நாள் பெட்டி சுற்றுவது. மளிகைக் கடையில் காலி அட்டைப்பெட்டி சும்மா தருவார்கள், நான்கு பேருக்கு ஒன்று. ஹோட்டல் பார்சலுக்குக் கட்டுகிற ஃபாயில் ஒரு ரோல், கறுப்பு சார்ட் நாலைந்து. ஆறு பக்கத்துக்கும் தனித்தனியாகக் கேள்வி: இது வெயிலைப் பார்க்கிற பக்கமா, சூட்டை வெளியே தள்ளுகிற பக்கமா, பேனல் வைக்கிற பக்கமா? விண்வெளியில் காற்று இல்லை, விசிறிக்கொள்ள முடியாது. சூடு வெளியேற வேண்டுமானால் மேற்பரப்பிலிருந்து கதிராகப் போக வேண்டும், வேறு வழியில்லை. அதனால் எந்தப் பக்கத்துக்கு எதைப் போர்த்துவது என்பது உயிர் பிரச்சினை. எவ்வளவு பேப்பர் வேண்டும் என்று முதலில் கணக்குப் போட்டு எழுதிக் கொடுத்தால்தான் பேப்பர் என்று கறாராக இருங்கள்.

எல்லோருக்கும் பேப்பர் பத்தாமல் போகும். "கணக்கு தப்பா டீச்சர்?" என்று வருவார்கள். கணக்கு தப்பில்லை, ஒட்டுவதற்கு ஓரம் விட வேண்டாமா? டெய்லர் தையலுக்கு விடுகிற மாதிரி. அந்த ஓரம் எவ்வளவு என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும். என்னைக் கேட்டால் மொத்தப் பாடத்திலும் இந்தப் பத்து நிமிஷம்தான் ருசி.

பள்ளிக்கு அருகில் கன்டெய்னர் லாரி போகும் என்றால் வீட்டுப்பாடமும் கைவசம் இருக்கிறது. பேச்சுக்கு 20 அடி நீளம், 8 அடி அகலம், எட்டரை அடி உயரம்: மொத்தப் பரப்பு 796 சதுர அடி. 40 அடி கன்டெய்னருக்கு அதைப் போல் இரண்டு மடங்கா? 1,592 வர வேண்டும், ஆனால் வருவது 1,456. காணாமல் போன 136 சதுர அடி எங்கே? இரண்டு சின்ன கன்டெய்னரை முட்டவைத்தால் ஒளிந்துகொள்கிற இரண்டு முகங்கள்தான், ஒவ்வொன்றும் 68. விடையைச் சொல்லிவிடாதீர்கள், இரண்டு நாள் மண்டையைக் குடையட்டும்.

கேள்வி: சார், எனக்கு மீன் ஏலம் எடுக்கிற வேலை. பையன் ஏழாவது. ராக்கெட், பெட்டி, பேப்பர் என்று வீட்டைக் குப்பையாக்கிவிட்டு இதுதான் கணக்கு என்கிறான். இதெல்லாம் பரீட்சைக்கு வருமா?
— ஓர் அப்பா, காசிமேடு

பதில்: பரீட்சைக்கும் வரும், உங்கள் தொழிலில் தினமும் வருகிறது. ஐஸ் பாரை அப்படியே மீன் மேல் வைப்பீர்களா, உடைத்துத்தானே போடுகிறீர்கள்? ஏன் என்று உங்கள் கைக்குத் தெரியும், பையனுக்குக் கணக்காகச் சொல்லலாம். ஓர் அடி நீள, அகல, உயரமுள்ள ஐஸ் கட்டிக்குப் புறப்பரப்பு 6 சதுர அடி. குறுக்கும் நெடுக்கும் வெட்டி எட்டுத் துண்டாக்கினால் 12. ஓர் அங்குலத் துண்டுகளாக நொறுக்கினால் 1,728 துண்டு, மொத்தம் 72 சதுர அடி. ஐஸ் அதே ஐஸ், ஒரு கிலோ கூடவில்லை. மீனைத் தொடுகிற இடம் பன்னிரண்டு மடங்கு. சீக்கிரம் குளிரும், சீக்கிரம் உருகியும் போகும். கடலுக்குப் போகிற போட்டில் எதை எப்போது உடைப்பது என்பதெல்லாம் இந்தக் கணக்குதான்.

விண்வெளிக்கும் இதே விதிதான். சின்ன உருண்டைக்கு, தன் உடம்புக்கு எவ்வளவு தோல் என்று பார்த்தால், அதிகம். அதனால் நிலா சீக்கிரம் ஆறிப்போனது, பூமியின் வயிறு இன்னும் கொதிக்கிறது. பையனை ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐஸ் உடைக்கிற இடத்துக்குக் கூட்டிப் போங்கள். குப்பையை அவனே பெருக்கட்டும், அதில் நான் உங்கள் பக்கம்.

கேள்வி: எவ்வளவு சொல்லிக்கொடுத்தும் ஒரு சதுர மீட்டருக்கு 100 சதுர சென்டிமீட்டர் என்றே எழுதுகிறார்கள். என்ன செய்ய?
— ஓர் ஆசிரியர், கொருக்குப்பேட்டை

பதில்: சொல்லிக்கொடுப்பதை நிறுத்துங்கள். பழைய காலண்டர் அட்டையில் 10 சென்டிமீட்டர் சதுரங்கள் ஆளுக்கு இரண்டு மூன்று வெட்டிவரச் சொல்லி, தரையில் ஒரு மீட்டர் சதுரம் போட்டு அடுக்கச் சொல்லுங்கள். 100 அட்டை பிடிக்கும். ஒவ்வொரு அட்டையும் 100 சதுர சென்டிமீட்டர். நூறு நூறு பத்தாயிரம். முழங்கால் வலிக்க அடுக்கியவனுக்கு இது மறக்காது.

அலகுதானே என்று அலட்சியமாக இருக்கிறவர்களுக்கு ஒரு கதை. 1999 செப்டம்பரில் அமெரிக்காவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் என்ற விண்கலம் செவ்வாய்க்குப் பக்கத்தில் போய்த் தொலைந்தது. ஒரு குழுவின் மென்பொருள் விசையை பவுண்டு கணக்கில் கொடுத்தது, வாங்கிக்கொண்ட பக்கம் அதை நியூட்டன் என்று எடுத்துக்கொண்டது. பெரியவர்களே சறுக்குகிற இடம் இது, பிள்ளைகளை அடிக்க வேண்டாம்.

கேள்வி: அண்ணா, சாயங்காலம் எங்கள் குப்பத்துப் பிள்ளைகளுக்குச் சும்மா டியூஷன் எடுக்கிறேன். நிலாவின் பரப்பளவு எவ்வளவு என்று ஒருத்தன் கேட்டான். கோளத்தின் சூத்திரம் அவர்கள் இன்னும் படிக்கவில்லையே, எப்படிச் சொல்வது?
— கல்லூரி மாணவர், எண்ணூர்

பதில்: தம்பி, உங்களிடம் ஃபுட்பால் இருக்குமே? வட சென்னையில் பந்து இல்லாத தெருவா. பந்தின் உயரமே அகலமாக உள்ள ஒரு சார்ட் துண்டை எடுத்து, பந்தின் இடுப்பைச் சுற்றிக் குழாய் மாதிரி ஒரு சுற்று ஒட்டுங்கள். அந்தக் காகிதத்தின் பரப்பும் பந்தின் தோலும் சரிசமம். ஆர்க்கிமிடீஸ் இரண்டாயிரத்துச் சொச்சம் வருஷத்துக்கு முன் நிறுவியது, நிரூபணத்தைப் பிள்ளைகள் பெரிய வகுப்பில் பார்த்துக்கொள்ளட்டும். சுற்றளவு 69 சென்டிமீட்டர், விட்டம் 22 என்றால் பெருக்கினால் 1,518 சதுர சென்டிமீட்டர். செவ்வகத்தின் பரப்பு ஆறாம் வகுப்புக்கே தெரியும், ஆகவே ஆறாம் வகுப்புக்கே நிலாவும் தெரியும்.

நிலாவின் ஆரம் 1,737 கிலோமீட்டர். கணக்குப் போட்டால் சுமார் 3 கோடியே 79 லட்சம் சதுர கிலோமீட்டர் வரும். ஆசியாக் கண்டம் அதைவிடப் பெரியது! இந்தியாவைப் போல் பதினொன்றரை மடங்குதான் அவ்வளவு பெரிய நிலா.

அதே பந்துதான் நிலா என்றால் பூமி எவ்வளவு பெரியது, எங்கே நிற்கும்? 80 சென்டிமீட்டர் விட்டத்தில் ஓர் உருண்டை, 24 மீட்டர் தள்ளி. கடற்கரை மணலில் ஒருத்தனைக் கைகளை வளைத்துப் பூமியாக நிற்கவைத்து, பந்தை இன்னொருத்தனிடம் கொடுத்து 24 மீட்டர் நடக்கச் சொல்லுங்கள். பூமிக்குத் தோல் போர்த்த அந்தப் பந்துக்கு வேண்டியதைப் போல் பதின்மூன்றரைப் பங்கு தோல் வேண்டும். உள்ளே மண் நிரப்பவோ 49 பந்து மண். இந்த இரண்டு எண்ணும் ஏன் ஒன்றாக வரவில்லை என்று எவனாவது கேட்டால் அவனை விட்டுவிடாதீர்கள், என்னிடம் அனுப்புங்கள். யாரும் கேட்கவில்லை என்றால் நீங்களே கேளுங்கள்.

கேள்வி: மகளின் பள்ளியில் சேட்டிலைட் மாடல் கேட்கிறார்கள். கடையில் 600 ரூபாய் சொல்கிறான். வாங்கித் தரலாமா?
— ஓர் அம்மா, திருவொற்றியூர்

பதில்: வேண்டாம்மா. தெர்மாகோல் மாடலைச் செய்தவனுக்குத்தான் கணக்கு தெரியும், வாங்கியவளுக்கு விலை மட்டும் தெரியும்.

பீரோவிலிருந்து ஒரு சேலையைக் கொடுத்தனுப்புங்கள். ஐந்தரை மீட்டர் நீளம், ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் மேல் அகலம், ஆக ஆறு சதுர மீட்டருக்குச் சற்று மேலே. மடித்தால் கைப்பைக்குள் போய்விடுகிறது, ஆனால் பரப்பு ஒரு விரற்கடைகூடக் குறையவில்லை. 2013 நவம்பரில் கிளம்பிய மங்கள்யானுக்கு 1.8 மீட்டர் நீளம், 1.4 மீட்டர் அகலத்தில் மூன்று பேனல், மொத்தம் 7.56 சதுர மீட்டர், உங்கள் சேலையைவிடக் கொஞ்சம்தான் பெரியது. அதையும் மடித்துத்தான் ராக்கெட்டுக்குள் வைத்தார்கள், மேலே போய் விரிந்தது. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் வெயில் மறைப்பு இன்னும் கூத்து: 21 மீட்டர் நீளம், 14 மீட்டர் அகலம், ஐந்து அடுக்கு. அதை மடித்து 2021 கிறிஸ்துமஸ் அன்று அனுப்பி, போகிற வழியில் விரித்தார்கள். மகள் வகுப்பில் சேலையை மடித்து விரித்துக் காட்டி இதைச் சொன்னால் போதும், 600 ரூபாயை உண்டியலில் போடுங்கள். பட்டுச் சேலை வேண்டாம், வகுப்பறைத் தரை தெரியுமே.

கேள்வி: தாத்தா, சேட்டிலைட்டை ஏன் தங்கத்தில் சுற்றுகிறார்கள்? அது நிஜத் தங்கமா? எங்கள் டீச்சர் பெட்டி சுற்றச் சொன்னபோது கேட்டேன், பத்திரிகைக்கு எழுது என்றார்.
— ஏழாம் வகுப்பு மாணவி, வியாசர்பாடி

பதில்: கண்ணு, உன் டீச்சர் கெட்டிக்காரர், வேலையை என் தலையில் கட்டிவிட்டார். அது தங்கம் இல்லை. மஞ்சள் நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் தாள், அதன் பின்னால் மெல்லிசாக அலுமினியம் பூசியிருக்கும். மஞ்சளுக்குப் பின்னால் வெள்ளி மினுங்கினால் தங்கம் மாதிரித் தெரியும், மிட்டாய்க் காகிதம் தெரிகிறதே, அப்படி. அதைப் பல அடுக்காகச் சுற்றினால் வெளிச் சூடு உள்ளே வராது, உள்சூடு வீணாக வெளியே போகாது.

ஆனால் நிஜத் தங்கம் போன இடமும் உண்டு. ஜேம்ஸ் வெப்பின் கண்ணாடி பதினெட்டு அறுகோணத் துண்டுகள், மொத்தம் 25 சதுர மீட்டர். சதுர அடியில் சுமார் 270, நம் பக்கத்துப் பழைய ஹவுசிங் போர்டு வீடு ஒன்றின் தரை ஏறக்குறைய அவ்வளவு இருக்கும். அதன் மேல் முழுக்கத் தங்கம் பூசியிருக்கிறார்கள். எத்தனை பவுன் ஆகியிருக்கும் என்று நினைக்கிறாய்? நூறு? இருநூறு? மொத்தமே 48 கிராம்தான், ஆறு பவுன். உங்கள் தெருவில் யார் கல்யாணத்திலாவது அதைவிட அதிகம் போட்டிருப்பார்கள்.

ஒரு வீட்டுத் தரை முழுக்க ஆறு பவுனைத் தேய்த்தால் எவ்வளவு மெல்லிசாக இருக்கும்? ஒரு கன சென்டிமீட்டர் தங்கம் 19.3 கிராம். 25 சதுர மீட்டரை முதலில் சதுர சென்டிமீட்டராக மாற்றிக்கொள், கொருக்குப்பேட்டை சாரின் பிள்ளைகள் மாதிரி நூறால் பெருக்கிவிடாதே. விடை வந்ததும் டீச்சரிடம் காட்டிவிட்டு எனக்கும் ஒரு கார்டு போடு.